அடையாளத் திருட்டு: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

அடையாளத் திருட்டு என்றதும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போவதுதான் நிறையப் பேருக்கு ஞாபகம் வரும். பணம் போனால் அன்றைக்கே தெரிந்துவிடும். உங்கள் பெயரில் ஒருவர் கடன் வாங்கியிருப்பதோ, உங்கள் அடையாள அட்டையின் நகலைக் கொடுத்து சிம் வாங்கி அதை வைத்து வேறு யாரையோ ஏமாற்றிக்கொண்டிருப்பதோ மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கும். கடைசியில் கடன் வசூலிக்கிறவரோ போலீஸோ வந்து கேட்கும்போது, அது நான் இல்லை என்று நிரூபிக்கிற வேலை உங்கள் தலையில் விழும். அந்த அலைச்சல் யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதைப் பற்றித் தேடினால் நாற்பது ஐம்பது அறிவுரைகள் ஒரே மூச்சில் வந்து விழும், படித்து முடிப்பதற்குள் அலுத்துப்போய் ஒன்றையும் செய்யாமல் விட்டுவிடுவோம். அதனால் வரிசைதான் முக்கியம். உங்கள் கணக்குகள் எத்தனை இருந்தாலும் அவை எல்லாம் இமெயில், போன் நம்பர் என்ற இரண்டில்தான் வந்து நிற்கின்றன. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று எங்கே அழுத்தினாலும் ஒன்று இமெயிலுக்கு லிங்க் வரும், இல்லையென்றால் போனுக்கு ஓடிபி வரும். இந்த இரண்டும் யார் கையில் இருக்கின்றனவோ அவரைத்தான் எல்லா நிறுவனங்களும் நீங்கள் என்று நம்பும். ஆகவே முதலில் இமெயில், அடுத்து போன் நம்பர், மற்றதெல்லாம் அப்புறம்.

2012 ஆகஸ்டில் மேட் ஹோனான் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பத்திரிகையாளருக்கு நடந்ததை அவரே விரிவாக எழுதியிருக்கிறார். திருடர்களுக்கு வேண்டியிருந்தது அவருடைய மூன்றெழுத்து ட்விட்டர் பெயர் மட்டும்தான். அமேசானுக்குப் போன் செய்து அவர் மாதிரிப் பேசி, அவர் கணக்கில் புதிதாக ஒரு கார்டைச் சேர்த்தார்கள். மறுபடி போன் செய்து, கணக்குக்குள் போக முடியவில்லை என்று சொல்லி, சற்று முன் தாங்களே சேர்த்த கார்டின் எண்ணையே அத்தாட்சியாகக் கொடுத்து உள்ளே நுழைந்தார்கள். உள்ளே அவருடைய உண்மையான கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தெரிந்தன. அந்த நான்கு இலக்கமும் முகவரியும் ஆப்பிளின் உதவி மையத்தை நம்பவைக்கப் போதுமானதாக இருந்தது. ஆப்பிள் கணக்கிலிருந்து ஜிமெயிலுக்கும் அங்கிருந்து ட்விட்டருக்கும் போய்விட்டார்கள். போகிற போக்கில் அவருடைய போன், டேப்லெட், லேப்டாப் மூன்றிலும் இருந்ததைத் தூரத்திலிருந்தே அழித்தார்கள், அதில் அவர் மகளின் படங்களும் போயின. இரண்டு நிறுவனங்களும் பிறகு அந்த நடைமுறையை நிறுத்தின. ஆனால் ஒரு கணக்கு விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்கு ஏறலாம் என்கிற விஷயம் இன்றைக்கும் மாறவில்லை.

முதல் வேலை: இமெயில்

வங்கியிலிருந்தும் மற்ற முக்கியமான இடங்களிலிருந்தும் தகவல் வருகிற இமெயில் எது என்று பாருங்கள். அதற்கு வேறு எங்குமே பயன்படுத்தாத ஒரு பாஸ்வேர்டு வேண்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து எழுதினால் போதும், நீளம்தான் பலம். பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்து கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி போடுவது எல்லோரும் செய்வது, அதனால் திருடர்களின் மென்பொருள் முதலில் முயன்று பார்ப்பதும் அதைத்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற பழைய விதியையும் விட்டுவிடலாம். அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லேயே அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று வழிகாட்டுதலை மாற்றிவிட்டது, ஏனென்றால் அடிக்கடி மாற்றச் சொன்னால் ஆட்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். கசிந்தது என்று தெரிந்தால் உடனே மாற்றுங்கள், அது போதும்.

அப்புறம் இமெயில் செட்டிங்ஸுக்குள் போய் மூன்று இடங்களைப் பாருங்கள். கணக்கை மீட்பதற்காகக் கொடுத்த இமெயிலும் போன் நம்பரும் இன்னும் உங்களிடம்தான் இருக்கின்றனவா? பழைய வேலையிடத்து இமெயிலோ, எப்போதோ விட்டுவிட்ட நம்பரோ அங்கே இருந்தால் இன்றைக்கே நீக்குங்கள். எந்தெந்தக் கருவிகளில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலில், தெரியாதது மட்டுமல்ல, விற்றுவிட்ட பழைய போன் இருந்தாலும் வெளியேற்றுங்கள்.

மூன்றாவதைப் பெரும்பாலானவர்கள் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள், அதுதான் ஃபார்வர்டிங்கும் ஃபில்டர்களும். ஒருமுறை உள்ளே வந்த திருடர், உங்களுக்கு வருகிற எல்லாவற்றின் பிரதியும் தனக்கு வருகிற மாதிரி ஃபார்வர்டிங் வைத்துவிட்டுப் போவார். அல்லது வங்கியிலிருந்து வருவதைப் படித்ததாகக் குறித்து நேரே குப்பைக்கு அனுப்புகிற மாதிரி ஒரு ஃபில்டர் போட்டுவிடுவார். நீங்கள் பாஸ்வேர்டு மாற்றினாலும் அந்த ஏற்பாடு தானாகப் போகாது. நீங்கள் வைக்காத எதுவும் அங்கே இருக்கக்கூடாது, இருந்தால் கணக்குக்குள் ஏற்கெனவே ஒருவர் வந்துபோயிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு அத்தாட்சியையும் கேட்கிற ஏற்பாடு. எஸ்எம்எஸ்ஸில் வருகிற ஓடிபி, ஒன்றும் இல்லாததற்கு நல்லது. அதைவிட நல்லது, போனிலேயே 30 விநாடிக்கு ஒருமுறை மாறுகிற ஆறு இலக்க எண்ணைக் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலி. இந்த எண் போனுக்குள்ளேயே கணக்கிடப்படுகிறது, நெட்வொர்க் வழியாக வருவதில்லை, அதனால் உங்கள் நம்பரைத் திருடினாலும் இது கிடைக்காது. இவை எல்லாவற்றையும்விட வலுவானது பாஸ்கீ. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் இப்போது இதைத் தருகின்றன, பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் கருவியில் கைரேகையோ முகமோ காட்டி உள்ளே போகலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், பாஸ்கீ எந்தத் தளத்துக்காக உருவானதோ அந்த முகவரியில் மட்டும்தான் வேலை செய்யும், அச்சு அசலாக இருக்கும் போலித் தளத்தில் நீங்களே ஏமாந்து நின்றாலும் அது நகராது. உங்கள் இமெயில் பாஸ்கீயை ஏற்றுக்கொள்கிறது என்றால் யோசிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பை வைக்கும்போது பேக்அப் கோடுகள் என்று ஒரு பட்டியல் வரும். கூகுளில் பத்து எண்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். போன் தொலைந்த அன்றைக்கு உங்களை உள்ளே விடப்போவது இவைதான். நிறையப் பேர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்துக்கொள்கிறார்கள், போன் போனால் அதுவும் சேர்ந்து போய்விடும். காகிதத்தில் எழுதி, எந்தக் கணக்கு என்று வெளிப்படையாகக் குறிக்காமல், பாஸ்போர்ட் மாதிரிப் பத்திரமான தாள்களோடு வையுங்கள். ஒன்றைப் பயன்படுத்தியதும் அதை அடித்துவிடுங்கள்.

இரண்டாவது வேலை: போன் நம்பர்

உங்கள் போனைத் தொடாமலே உங்கள் நம்பரைத் திருட முடியும். திருடர் உங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் எங்கிருந்தோ சேர்த்துக்கொண்டு மொபைல் நிறுவனத்துக்குப் போய், சிம் தொலைந்துவிட்டது, புது சிம் வேண்டும் என்று கேட்பார். அல்லது நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தரச் சொல்வார். அங்கே இருப்பவர் நம்பிவிட்டால் உங்கள் சிம் அந்த நிமிடமே செத்துவிடும், இனி வரும் ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமை அதிகாரியாக இருந்த ஜாக் டோர்சியின் சொந்த ட்விட்டர் கணக்கிலேயே இப்படி அவர் நம்பரைப் பிடித்துக்கொண்டு கண்டதையும் பதிவிட்டார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே நடந்தது என்றால் நம் நம்பரைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்படுவதில் தப்பில்லை.

செய்ய வேண்டியது என்னவென்றால், உங்கள் மொபைல் நிறுவனத்திடம், என் கணக்கில் எந்த மாற்றம் செய்வதற்கும் தனி ரகசிய எண் (பின்) கேட்க வேண்டும், நம்பர் வெளியே மாறாமல் பூட்ட வேண்டும் என்று கேளுங்கள். எல்லா நாட்டிலும் எல்லா நிறுவனமும் இதைத் தருவதில்லை, தருகிற நிறுவனங்களும் பெரும்பாலும் நாம் கேட்டால்தான் வைக்கும். இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது போன் செட்டிங்ஸில் இருக்கும் சிம் லாக். உங்கள் போன் களவு போனால் திரைப் பூட்டைத் திறக்க திருடர் மெனக்கெட மாட்டார், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்கப் பார்ப்பார். சிம்முக்குத் தனி பின் இருந்தால் அங்கே நின்றுவிடும். ஒன்று கவனிக்க வேண்டும், மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும், திறக்க பக் என்கிற எண் வேண்டும், அதையும் பத்து முறை தப்பாகப் போட்டால் சிம்மே வீண். அதனால் சிம் வந்த அட்டையைத் தூக்கி எறியாதீர்கள், அந்த எண் பெரும்பாலும் அதில்தான் அச்சாகி இருக்கும்.

பூட்டிய திரையில் மெசேஜ் முழுதாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால், மேசை மேல் கிடக்கிற போனை எடுக்காமலே பக்கத்தில் நிற்பவர் ஓடிபியைப் படித்துவிடலாம். நோட்டிஃபிகேஷனில் உள்ளடக்கத்தை மறைக்க ஒரு நிமிடம் ஆகும்.

வாட்ஸ்அப்பிலும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது, ஆறு இலக்க பின். அதை வைத்துவிட்டால் உங்கள் நம்பருக்கு வந்த ஓடிபியை யாராவது வாங்கிவிட்டாலும் அது மட்டும் போதாது. வாட்ஸ்அப் கணக்கு போனால் உங்கள் பெயரில் உங்கள் சொந்தக்காரர்களிடம்தான் முதலில் அவசரமாகப் பணம் கேட்பார்கள், பாசத்தில் அனுப்பிவிடுகிறவர்கள்தான் அதில் நஷ்டப்படுகிறார்கள்.

நம்பரை மாற்றப்போகிறீர்கள் என்றால் பழையதை விடுவதற்கு முன்னால் அது இணைந்திருக்கும் ஒவ்வொரு கணக்கிலும் புது நம்பரைப் போடுங்கள். விட்ட நம்பர் சில மாதங்களில் இன்னொருவருக்குப் போய்விடும். அவர் நல்லவராகவே இருந்தாலும் உங்கள் ஓடிபி அவர் போனில்தான் வந்து விழும்.

மூன்றாவது: மற்ற பாஸ்வேர்டுகள்

இது சுலபம். பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைத்து வேண்டிய இடத்தில் தானே நிரப்புகிற பாஸ்வேர்டு மேனேஜர் செயலி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்டு, கீபாஸ்எக்ஸ்சி என்று பல இருக்கின்றன, போனோடு வருவதே கூடப் போதும். ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு, எதையும் நீங்கள் ஞாபகம் வைக்க வேண்டாம். ஒரே பாஸ்வேர்டைப் பல இடத்தில் வைப்பது ஏன் ஆபத்து என்றால், லிங்க்ட்இன் தளத்திலிருந்து 2012ல் திருடிய தகவல், சுமார் 11.7 கோடி கணக்குகளின் இமெயிலும் பாஸ்வேர்டும், 2016ல் விற்பனைக்கு வந்தது. நான்கு வருடம் கழித்தும் அதே பாஸ்வேர்டை வேறு தளங்களில் வைத்திருந்தவர்கள் அப்போது மாட்டிக்கொண்டார்கள். உங்கள் இமெயில் எந்தெந்தக் கசிவில் வந்திருக்கிறது என்று பார்க்க ட்ராய் ஹன்ட் என்பவர் 2013ல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற தளம் இருக்கிறது, நம்பகமானது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், வங்கி, பணம் கட்டும் செயலி, சமூக வலைத்தளம் என்று முக்கியமானதிலிருந்து ஆரம்பித்து, மற்றதை அடுத்த முறை உள்ளே போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் படித்த பள்ளி எது, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்றெல்லாம் கேட்கிற பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான பதிலைச் சொல்லாதீர்கள். உங்கள் சமூக வலைத்தளப் பக்கத்தைப் பத்து நிமிடம் படித்தாலே அதற்கெல்லாம் பதில் கிடைத்துவிடும். சம்பந்தமே இல்லாத ஏதாவதொன்றை எழுதி, அதையும் பாஸ்வேர்டு மேனேஜரில் குறித்து வையுங்கள்.

அடையாள அட்டையின் நகல்கள்

ஆன்லைன் பாதுகாப்பு பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. அறை எடுக்க, வேலைக்கு விண்ணப்பிக்க, வாடகைக்கு வீடு பார்க்க என்று நம் அட்டையின் நகலை எத்தனை பேரிடம் கொடுத்திருப்போம், அது இப்போது யார் மேசையில், யார் போனில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆகவே கொடுக்கிற ஒவ்வொரு நகலிலும், படத்தையும் எண்ணையும் மறைக்காமல், ஆனால் எழுத்துகளின் மேலேயே குறுக்காகப் போகிற மாதிரி, யாருக்காக, எதற்காக, எந்தத் தேதியில் என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ‘வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்’ என்று குறுக்கே ஓடுகிற நகலைக் கொண்டுபோய்க் கடன் கேட்பது கஷ்டம். ஓரத்தில் எழுதினால் பிரயோஜனமில்லை, வெட்டிவிட்டு மறுபடி நகல் எடுத்துவிடுவார்கள். படமாக அனுப்பும்போதும் போனிலேயே அதே மாதிரி எழுதி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள்.

எண் முழுவதும் தேவையா என்று கேளுங்கள். வயதை மட்டும் பார்க்க வேண்டிய இடத்தில் அட்டையைக் காட்டினாலே போதும், நகல் கொடுக்க வேண்டியதில்லை. கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள், கேட்டால் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

பொது கம்ப்யூட்டரில் பிரின்ட் எடுத்தால் டவுன்லோடு ஃபோல்டரிலிருந்தும் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்து, இமெயிலிலிருந்தும் வாட்ஸ்அப் வெப்பிலிருந்தும் வெளியேறிவிட்டு எழுந்திருங்கள். உங்கள் போன் கேலரியில் அட்டைப் படங்கள் கிடந்தால் அவை கிளவுடிலும் ஏறியிருக்கும், அழித்த பிறகும் குப்பையில் 30 முதல் 60 நாள் வரை இருக்கும், அங்கேயும் காலி செய்ய வேண்டும்.

நம் வாயாலேயே வாங்கிக்கொள்கிறவர்கள்

இவ்வளவு பூட்டும் போட்ட பிறகு திருடர்களுக்கு மிச்சமிருக்கும் சுலபமான வழி, நம்மையே திறக்கச் சொல்வதுதான். வங்கியிலிருந்து, போலீஸிலிருந்து, பார்சல் கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்பார்கள். கதை எதுவாக இருந்தாலும் அதில் அவசரம் இருக்கும், பயம் இருக்கும், போனை வைக்காதே என்று ஒரு வற்புறுத்தல் இருக்கும். உங்கள் பெயரும் முகவரியும் கார்டின் கடைசி நான்கு இலக்கமும் சரியாகச் சொல்கிறாரே என்று நம்பிவிடாதீர்கள், அதெல்லாம் கசிந்த பட்டியல்களில் கிடைக்கும். திரையில் தெரிகிற நம்பர் வங்கியின் நம்பராகவே இருந்தாலும் அதை நம்பவேண்டாம், அதைப் போலியாகக் காட்ட முடியும். போனை வைத்துவிட்டு, உங்கள் கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். தேடுபொறியில் வருகிற எண்ணுக்குக் கூப்பிட வேண்டாம், அங்கேயும் போலி எண்கள் வருகின்றன.

லிங்க் வந்தால் முகவரியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் வருகிற இரட்டைச் சாய்வுக்கோட்டை விட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு வருகிற முதல் சாய்வுக்கோடு வரைதான் தளத்தின் முகவரி. அந்தக் கோட்டிலிருந்து இடப்பக்கமாகப் படித்துக்கொண்டே வாருங்கள். ‘உங்கள்வங்கி.காம்.சரிபார்.நெட்’ என்று இருந்தால் நீங்கள் போகப்போவது உங்கள் வங்கிக்கு இல்லை, சரிபார்.நெட் என்ற யாருடைய தளத்துக்கோதான். எப்போதும் தானாக பாஸ்வேர்டை நிரப்புகிற மேனேஜர் ஒரு தளத்தில் மட்டும் நிரப்பாமல் நின்றால் அதை நல்ல எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போகாதீர்கள்.

உதவி செய்கிறேன், திரையைப் பகிரும் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஓடிபி உங்கள் திரையில் வரும்போது அவர்கள் திரையிலும் வந்துவிடும். இப்போது குரலையும் நகலெடுக்கிறார்கள், அதனால் அப்பா அம்மா, பிள்ளைகள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு ரகசியச் சொல்லை முடிவு செய்து வைத்திருப்பது நல்லது. அவசரமாகப் பணம் கேட்கிற குரல் அந்தச் சொல்லைச் சொல்லட்டும்.

கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியவை

வங்கியில் சிறு தொகைக்கும் எஸ்எம்எஸ் வருகிற மாதிரி வையுங்கள், திருடர்கள் முதலில் சின்னத் தொகையை எடுத்து கார்டு வேலை செய்கிறதா என்று பார்ப்பது வழக்கம். உங்கள் நாட்டில் கடன் வரலாற்றை வைத்திருக்கும் நிறுவனம் இருந்தால் வருடத்துக்கு ஒருமுறையாவது அறிக்கையை வாங்கிப் பாருங்கள், பல நாடுகளில் இலவசமாகவே தருகிறார்கள். நீங்கள் வாங்காத கடனும், நீங்கள் விண்ணப்பிக்காத கடனுக்காக உங்கள் பெயரில் நடந்த விசாரணையும் அதில்தான் முதலில் தெரியும். அந்த அறிக்கையை யாரும் பார்க்காமல் முடக்கும் வசதி சில நாடுகளில் உண்டு, அமெரிக்காவில் 2018 முதல் அது இலவசம். முடக்கிவிட்டால் உங்கள் பெயரில் புதுக் கடன் கொடுப்பவர் விவரம் பார்க்க முடியாமல் பெரும்பாலும் நிறுத்திவிடுவார். உங்களுக்கே கடன் தேவைப்படும்போது கொஞ்ச நேரம் திறந்துகொள்ளலாம். குழந்தைகள் பெயரிலும் இதைச் செய்ய முடியுமானால் செய்யுங்கள், அவர்கள் வளர்ந்து முதல் கடன் கேட்கும் வரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதால் திருடர்களுக்குக் குழந்தைகளின் அடையாள எண்கள் வசதி.

கேட்காத ஓடிபி வந்தால் உங்கள் பாஸ்வேர்டு யாரிடமோ இருக்கலாம் என்று அர்த்தம். மற்றவர்களுக்கெல்லாம் சிக்னல் இருக்கும்போது உங்கள் போனில் மட்டும் திடீரென்று முழுதாகப் போனால், ரீஸ்டார்ட் செய்தும் வராவிட்டால், காத்திருக்காதீர்கள். இன்னொன்று, ஒரே மணி நேரத்தில் எங்கெங்கோ பதிவு செய்ததாக நூற்றுக்கணக்கில் இமெயில் கொட்டினால் அதை எரிச்சலோடு அழித்துத் தள்ளாதீர்கள். வங்கியிலிருந்து வந்த ஒரே ஓர் எச்சரிக்கையை அந்தக் கூட்டத்தில் புதைப்பதற்காக அதைச் செய்வார்கள், முதலில் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள்.

நடந்துவிட்டால்

பதறாமல் இந்த வரிசையில் போங்கள். சிக்னல் போயிருந்தால் வேறு போனிலிருந்து மொபைல் நிறுவனத்தைக் கூப்பிட்டு நம்பரை நிறுத்தச் சொல்லுங்கள். உடனே வங்கி, கார்டும் ஆன்லைன் பரிவர்த்தனையும் நிற்கட்டும், புகார் எண்ணை வாங்குங்கள். பல நாடுகளில் எவ்வளவு சீக்கிரம் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பணம் திரும்பக் கிடைப்பதும் கிடைக்காததும். அடுத்து, திருடர் தொட்டிருக்காத ஒரு கருவியிலிருந்து இமெயிலுக்குள் போய், எல்லாக் கருவிகளையும் வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றி, மேலே சொன்ன ஃபில்டரையும் ஃபார்வர்டிங்கையும் பாருங்கள்.

பிறகு போலீஸில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். பணம் திரும்ப வராது என்று நினைத்தாலும் கொடுங்கள், ஏனென்றால் ஆறு மாதம் கழித்து உங்கள் பெயரில் இன்னொரு கடன் தலைகாட்டினால், அதற்கு முன்பே நீங்கள் புகார் கொடுத்திருக்கிறீர்கள் என்று காட்ட அந்த ஒரு தாள்தான் இருக்கும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கடன் வரலாற்று நிறுவனத்துக்கும், இது என் கடன் இல்லை என்று எழுத்தில் அனுப்புங்கள், போனில் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். வசூலிக்க வருகிறவர் எவ்வளவு மிரட்டினாலும், முதலில் ஒரு சின்னத் தொகையைக் கட்டுங்கள் என்றால் கட்டாதீர்கள். கட்டினால் கடனை நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடக்கூடும்.

ஒரு நோட்டு எடுத்து, எந்தத் தேதியில் யாரிடம் பேசினேன், என்ன சொன்னார்கள், புகார் எண் என்ன என்று எழுதிக்கொண்டே வாருங்கள். திருடரிடமிருந்து வந்த மெசேஜ்களை அவமானமாக இருக்கிறது என்று அழிக்க வேண்டாம், அவைதான் சாட்சி. இதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை, படித்தவர்கள், இதே துறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஏமாந்திருக்கிறார்கள், வீட்டில் மறைப்பதால் நேரம்தான் வீணாகிறது.

சில வாரம் கழித்து, போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று யாராவது கூப்பிடுவார்கள். ஏமாந்தவர்களின் பட்டியலையும் விற்கிறார்கள், இவர்கள் அதை வாங்கியவர்கள். அதிகாரி என்பார்கள், வழக்கறிஞர் என்பார்கள், உங்கள் வழக்கின் விவரம் அத்தனையும் தெரிந்திருக்கும், அப்புறம் முன்கூட்டியே ஒரு கட்டணம் கேட்பார்கள். ஒரு ரூபாயும் கொடுக்காமல், அந்த நம்பரையும் நோட்டில் குறித்து, நீங்கள் புகார் கொடுத்த இடத்திலேயே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.